துடுப்பு என்றுதான் சொன்னேன்

மகனே, உறைமேல் இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து, அப்பா இந்த முறை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்து எழுத வைத்தார் என்று நீ யோசித்திருப்பாய். பிள்ளை யாரும் இல்லை. நான்தான். செட்டியார் கிட்டங்கியில் காலைச் சமையலை முடித்து வீட்டுக்கு வந்து, கை கழுவி, பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தால், வெயில் சன்னலைக் கடப்பதற்குள் சில வரிகள் வருகின்றன. மறுநாள் அதை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுகிறேன். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை காலம் இந்தத் தெருக்களில் நடந்தேன், கடைப்பலகை எல்லாம் எனக்கு வெறும் பலகை. இப்போது ஒவ்வொன்றும் என்னைக் கூப்பிட்டுத் தன் பெயரைச் சொல்கிறது. கிட்டங்கி அடுக்களையில் நான் உப்புப் போட்டு வைக்கும் ஜாடியில் 'சர்க்கரை' என்று எழுதியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறதாம். கணக்கெழுதும் பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் மாற்றவில்லை. இனி நானும் சிரித்துக்கொள்ளலாம்.

எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் சாப்பாட்டுக்கடைக் காதர். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, தேநீர்க் கூட்டம் வருவதற்கு முன்னால், ரொட்டி தட்டும் மேசையில் மாவைத் தூவி விரலால் எழுதச் சொல்வார். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "மாவு வீணாப் போவலண்ணே, எழுதுங்க. சாயங்காலம் உங்க தப்பையெல்லாம் ரொட்டி போட்டு வித்துர்றேன்" என்பார். அவர் கடை ரொட்டியை நீ இனி தின்றால் என் எழுத்தைத் தின்கிறாய் என்று வைத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதத்தை நானே படித்தேன். முழுதும் படித்து முடிக்க இரண்டு மதியம் ஆனது. கெப்பாலா பத்தாஸ் ஆபீஸில் எழுத்துக் கிராணி வேலை நிரந்தரமாகிவிட்டது, வீடு கொடுத்திருக்கிறார்கள், சுற்றிலும் வயல், மழை பிடித்தால் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறுகிறது, மருமகள் மாசமாக இருக்கிறாள், பயப்படுகிறாள். 'வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே வெள்ளத்தையும் தீயையும் சமாளிக்க உங்களுக்குத் தெரியும். என்னென்ன தயாராக வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். தையில் நானே வந்து உங்களை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தாய். நீ கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதும்போது ஒரு சொல்லில் கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. அதனால் இதில் நீ கேட்டதும் இருக்கும், கேட்காததும் இருக்கும். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை மறைத்து எழுதும் அளவுக்கு இன்னும் எழுத்துப் பழகவில்லை.

முதலில் மண்ணெண்ணெய் டின். காலி டின்னை யாருக்கும் கொடுத்துவிடாதே. நம் வீட்டில் அது எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாய். கால்வாய்க்குப் பக்கத்தில் நம்முடையது பலகை வீடு, மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. சந்துக்கு எதிரே தகர வேலை செய்யும் ஆ லெங்கின் கல்வீடு, மேலே ஒரு மாடி. அப்போது அவனும் நானும் முகம் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலை. தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுக்கப் பெரிய அண்டா நிறைய மோர் கரைத்து வாசலில் வைத்திருந்தேன். பின் வரிசையில் யாரோ அடுப்பைப் பார்க்காமல் விட்டு, நம் கூரை விளிம்பில் தீ பிடித்துக்கொண்டது. குழாயடி தூரம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆ லெங் சந்தைத் தாண்டி ஓடி வந்தான். அவன் கையில் அறுத்துச் செய்த டின் வாளி. அண்டாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மோரில் வாளியை முக்கினான். நானும் முக்கினேன். உன் அம்மா சாக்குகளை மோரில் நனைத்து நனைத்துத் தூக்கிப் போட, அவன் கூரைமேல் ஏறி விரித்தான். தீ நின்றது. கீழே இறங்கியபோது அவன் தலையில் கறிவேப்பிலை, காதில் இஞ்சித் துண்டு. அவன் மலாயில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். "உங்க சாமிக்கு வச்சத எல்லாம் கூரைக்குக் குடுத்திட்ட. சாமி கேட்டா என்ன சொல்லுவ?" என்றான். "கூரைக்குத்தான் தாகம் ஜாஸ்தின்னு சொல்லுவேன் லா" என்றேன். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பழக்கம். அவனுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. பாசார் கடைத்தெருவில் எல்லாரும் பேசும் மலாய்தான் எங்களுக்கு இடையில். அவனிடம் நான் எப்போதும் மலாயில்தான் பேசுவேன். இதை மனத்தில் வைத்துக்கொள்.

அந்தத் தீயில் கற்றதைச் சொல்கிறேன். சாக்கு உலர்ந்திருந்தால் அது தீக்கு விறகு, நனைந்திருந்தால் போர்வை. நான்கைந்து சாக்கை அடுக்களையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே மடித்து வை, தீ வந்த பிறகு தேடாதே. அதே சாக்கில் மணலோ அடுப்புச் சாம்பலோ பாதியளவு நிரப்பி வாசற்படியில் படுக்க வைத்தால் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். முழுக்க நிரப்பாதே, நிரம்பிய சாக்கு விறைத்து நிற்கும், இடுக்கில் தண்ணீர் நுழையும். இரண்டு சாக்கின் அடி மூலைகளை அறுத்து, துணி காயப்போடும் மூங்கில் இரண்டை உள்ளே செருகினால் ஆளைத் தூக்கிப் போகலாம். மருமகளுக்குச் சமயம் நெருங்கும்போது மழை என்றால் இது உதவும், செய்து ஒரு முறை நீயே அதில் படுத்துப் பார். தீப்பெட்டியை ஊறுகாய் ஜாடியில் ஒரு பிடி அரிசிக்குள் புதைத்து மூடி வை. வெள்ளம் வரும் என்று தெரிந்த உடனே வீட்டில் இருக்கும் குடம், அண்டா, கடாரம் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீரைப் பிடித்து, உயரத்தில் ஏற்றி, மேலே துணி கட்டிவிடு. வெள்ளம் வீட்டைச் சுற்றி நிற்கும்போதுதான் குடிக்கத் தண்ணீர் இருக்காது. சேலையைக் கயிறாக்க வேண்டுமென்றால் நூல் சேலை, நனைத்து முறுக்கு. பட்டு வழுக்கிவிடும். இதெல்லாம் உன் அம்மா கண்டுபிடித்தவை, என்னுடையவை அல்ல. எனக்குத் தெரிந்தது அளவாக உப்புப் போடுவது மட்டும், அதையும் சர்க்கரை ஜாடியிலிருந்து.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆ லெங்கும் நானும் உட்கார்ந்து யோசிப்போம். மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் கால்வாய் திரும்பிச் சந்துக்குள் ஏறும், நம் வீடு தாங்காது, அவன் மாடிக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம். காலி டின்களின் வாயை அவன் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தான். அடைத்த டின்னைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பான், "இதுக்குள்ள என் கடைக் காத்து இருக்கு, பத்திரம்" என்பான். அடுக்களைக் கதவைக் கழற்றி அதன் அடியில் நான்கு டின்னைச் சேலையால் கட்டினால் தெப்பம். அதைக் கட்டவும் அவிழ்க்கவும் நீயே பழகினாய். எல்லாம் யோசித்தோம். எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. பேசிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு நாளும் கஷ்டம் வந்ததில்லையே.

அந்த வெள்ளம் வந்த மதியம் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். நீ மீசை அரும்பிய ஆள். உன் அம்மாவுக்குக் காய்ச்சல். தண்ணீர் அவள் நெஞ்சுக்கு ஏறியதும் தெப்பத்தில் உட்கார வைத்தோம். முன்னால் கயிற்றோடு நான், பின்னால் தள்ளிக்கொண்டு நீ. எதிர்வாசலில், உயரப் படிமேல், ஆ லெங் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். நடுச்சந்தில் இழுப்பு அதிகம். அவன் வாசலுக்கு முன்னால் இருக்கும் சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நீளமாக ஏதாவது நீட்டினால் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். அப்போதுதான் என் துடுப்பு நினைவு வந்தது. கல்யாணச் சமையலில் அண்டாச் சோற்றைக் கிளற நான் வைத்திருந்த, ஆள் உயரத்துக்கும் மேலான மரத்துடுப்பு. சீனர் வருஷப் பிறப்புக்கு ஒட்டும் குவே பலகாரம் கிளற ஆ லெங்கின் மனைவி அதை வாங்கிப் போய், அவன் வாசலுக்கு உள்ளே சுவரில் சாத்தி வைத்திருந்தாள். மழை இரைச்சலில் நான் கத்தினேன். துடுப்பு, துடுப்பு என்று கத்தினேன். அவன் கேட்டான். தன் காலடியில் உள்ளே ஓடும் தண்ணீரைப் பார்த்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினான். உள்ளே தாழ்க்கட்டை விழுந்த சத்தம் அவ்வளவு மழையிலும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. என் கால் சாக்கடைக்குள் போயிற்று, கயிறு நழுவியது. தெப்பம் சுழன்று கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைத் தூணில் மோதியது. கதவுப் பலகைக்கும் தூணுக்கும் நடுவில் உன் அம்மாவின் வலது கை. அவள் தண்ணீரில் விழுந்தாள். நீதான் சுவரோரம் இருந்த துணிக்கொடி மூங்கிலை உருவி, இரண்டு தூணுக்கும் குறுக்கே அணைத்துப் பிடித்தாய். அவள் அதில் வந்து நின்றாள். நீ இல்லையென்றால் கால்வாய்க்குள் போயிருப்பாள். அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தில் உன்னை எவ்வளவு திட்டினாலும் அந்த மூங்கில் உன் கையில்தான் இருக்கிறது. மூலை அரிசிக்கடையின் பரணில் ஏறி இரவைக் கழித்தோம். உன் அம்மாவின் கை அதற்குப் பிறகு முழுதாக நிமிரவே இல்லை. தலை பின்னுவதற்கும் அடுத்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

தண்ணீர் வடிந்ததும் ஆ லெங் வந்தான். நான் அவன் முகத்தில் அடிப்பதுபோலக் கதவைச் சாத்தினேன். அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்தேன் என்று எனக்கு ஒரு திருப்தி. சன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் சந்தில் நின்று உன்னிடம் நெடுநேரம் பேசினான், கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். நீ தலையைக் குனிந்து கேட்டாய். உள்ளே வந்தாய். நான் கேட்டேன், "என்னடா சொல்றான்?" நீ சட்டையை உதறிக்கொண்டே சொன்னாய், "ஒண்ணுமில்லப்பா. தண்ணி உள்ள வந்துரும்னு பயந்துட்டானாம்."

பயந்துட்டானாம். அந்தச் சொல்லை மாவில் எழுதிப் பார்த்தேன். கடைசியில் வரும் அந்த 'ஆம்' எவ்வளவு சிறியது. நான் சொல்லவில்லை, அவனே சொன்னான் என்று காட்ட நாம் வைத்திருக்கும் சிறிய எழுத்து. அதை ஒட்டிவிட்டு நீ நகர்ந்துகொண்டாய். நான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? நீ என் மகன். நம் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நீ ஒருவன்தான். யார் எது எழுதினாலும், யார் எது சொன்னாலும், உன் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். அந்த வாயைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதற்குப் பிறகு எதிர்வீடு இல்லை என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். அவன் ஈயம் வைக்கும் வாசனை காலையில் வரும், நான் சன்னலைச் சாத்துவேன். அவன் அடைத்துக் கொடுத்த டின்களைக் கால்வாயில் எறிந்தேன். அவை மூழ்கவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல். உன் அம்மா ஒரு நாள், "அந்தப் பொம்பள என்ன பண்ணுச்சு பாவம், அதுகிட்டயாவது பேசட்டுமா" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் பேசவில்லை. கடைசிப் படுக்கையில் அந்த ஒட்டும் குவே வேண்டும் என்றாள். நான் பாசாரில் தேடி வாங்கிவந்து ஊட்டினேன். ஒரு கடி கடித்துவிட்டு, "இது இல்ல" என்றாள். நீ தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாய். சந்தைத் தாண்டினால் அவள் கேட்டது இருந்தது. எனக்குத் தெரியாது, அதனால் நான் தாண்டவில்லை. உனக்குத் தெரியும். நீயும் விசிறியைக் கீழே வைக்கவில்லை. மற்ற எதையும் நான் ஒருவாறு விழுங்கிவிடுவேன். இது மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நீ கேட்ட சாமான்களை எழுதத் தொடங்கி, முதலில் மாவில் எழுதிப் பழகினேன். டின், சாக்கு, மூங்கில் என்று போயிற்று. அடுத்தது துடுப்பு. பெரிய துடுப்பு வெள்ளத்தில் தள்ளுகோலாகும், தீயில் எரியும் கீற்றை இழுத்துத் தள்ளும். அதையும் எழுதினேன். காதர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, நான் எழுதியதை எழுதியபடி படித்தார். "துதுப்பு. என்னண்ணே, கதவச் சாத்தச் சொல்லுறீங்களா?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரித்தார். "டு போடவேண்டிய எடத்துல து போட்டிருக்கீங்க. ட-வுக்குச் சுழியே கெடையாதுண்ணே, நேரா எறங்கி ஒரு பக்கம் நீட்டினாப் போதும். இத மலாய்க்காரன் கேட்டா துத்துப்னு நெனச்சு எழுந்திரிச்சு கதவ மூடிட்டு வருவான்."

துத்துப். மலாயில் சாத்து, மூடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். சட்டியைத் துத்துப், கடையைத் துத்துப். ஆ லெங்கிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் துடுப்பு என் அடுக்களையில் இருந்தது, துத்துப் பாசாரில் இருந்தது. இரண்டும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதில்லை. என் விரல் செய்த தப்புதான் அவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்தது. காதர் மாவைத் தடவ வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றார். மாவுக் கையோடு எழுந்து போனேன்.

ஆ லெங்கின் வாசலில் நின்றேன். அவன் ஒரு வாளியின் அடியைக் கவிழ்த்து வைத்து ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தான். தலை முழுதும் நரைத்திருந்தது. எதிர்வீட்டில் இருந்துகொண்டே நான் அதைப் பார்க்கவில்லை. நான் மெதுவாக ஒரே ஒரு சொல் சொன்னேன். துடுப்பு. அவன் நிமிரவில்லை. "எதுக்கு துத்துப்? புழுக்கமா இருக்கு லா" என்றான். பிறகுதான் குரல் யாருடையது என்று உறைத்துத் தலையைத் தூக்கினான். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, இல்லாத அண்டாவில் இல்லாத சோற்றைக் கிளறிக் காட்டினேன். அவன் என் கையையே பார்த்தான். அவனுக்கு முன்னால் புரிந்துகொண்டது பின்கட்டில் நின்ற அவன் மனைவி. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் துடுப்பைக் கொண்டுவந்து அவனுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தினாள். ஒரு ஓரம் தேய்ந்து போயிருந்தது. "வருஷா வருஷம் இதுலதான் கிளறினேன். திருப்பிக் குடுக்க வந்தேன், உன் வீட்டம்மா கதவத் தெறக்கல" என்றாள்.

ஆ லெங் அந்தத் துடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னான். "உன் வீட்டம்மாவ தெப்பத்துல வச்சுக்கிட்டு நிக்கிற, அப்பவும் என் வீட்டுக்குள்ள தண்ணி போவுதேன்னு சாத்தச் சொல்ற, நீங்க திரும்பி வீட்டுக்கே போறீங்கன்னு நெனச்சேன். மாடிக்குப் போயி சன்னலத் தெறக்கறதுக்குள்ள சந்துல யாரும் இல்ல." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டான். "ஆனா இத நான் அப்பவே உன் மகன்கிட்ட சொன்னேனே. உங்கப்பா சாத்தச் சொன்னாரு, சாத்தினேன், ஏன் கோவம்னு கேட்டேன். அப்பாகிட்ட சொல்றேன்னான். நீ வருவேன்னு இருந்தேன். அவன் சொல்லலியா?"

இத்தனை வருஷம் அவன் எனக்குத் துரோகம் செய்தான் என்று நான் இருந்தேன். எல்லாம் தெரிந்தும் நான் அவனைத் தள்ளிவிட்டேன் என்று அவன் இருந்தான். நடுவில் நீ இருந்தாய். அவன் பதிலுக்குக் காத்திருந்தான். இல்லை, என் மகன் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொன்னான். நான்தான் காதுல வாங்கல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. உன்னை அந்த இரண்டு பேருக்கு முன்னால் பொய்யனாக நிறுத்த முடியவில்லை.

அந்த நிமிஷம் எனக்கு உன்னைப் புரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் அம்மாவின் கை என் வாயால் போனது என்று நான் தெரிந்துகொள்ளக்கூடாது என்று நினைத்திருப்பாய். அன்று பரணில் நான் அழுததைப் பார்த்தாய் அல்லவா. அப்பா இதைத் தாங்கமாட்டார் என்று நீயே முடிவு செய்திருப்பாய். ஒரு நாள் பொய், பிறகு எடுத்துவிடலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். புரிகிறது. புரிந்ததனால் வலி குறையவில்லை. நான் சொன்ன பொய்யில் கெட்டது என் பெயர். நீ சொன்ன பொய்யில் கெட்டது அவன் பெயர். என்னைக் காப்பாற்ற உனக்கு ஒரு கோழை தேவைப்பட்டான், தன் கடைக் காற்றை டின்னில் அடைத்து நமக்குக் கொடுத்தவனைப் பிடித்துக் கோழையாக்கினாய். என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அழுதிருப்பேன். அழுது முடித்துவிட்டுச் சந்தைத் தாண்டியிருப்பேன். உன் அம்மா தன் தோழியின் கையால் குவே தின்றுவிட்டுப் போயிருப்பாள்.

நீ கேட்ட சாமான்களில் பாக்கி இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். பக்கத்து வீட்டில் இருப்பது மலாய்க் குடும்பம் என்று எழுதியிருந்தாய். மழைக்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசு. ஆபத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதான், எதிரில் நிற்பவனுக்கு அது என்னவாகக் கேட்கும் என்று தெரியாது. அதனால் வாயை நம்பாதே. பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு கரண்டியையும் வாசல் ஆணியில் தொங்கவிடு. விட்டு விட்டு அடித்தால் கதவைத் திற, விடாமல் அடித்தால் கயிறு கொண்டு வா என்று இரண்டு வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு அடித்துப் பழகு. தாம்பாளத்தின் சத்தம் மழையைத் தாண்டிப் போகும், அதற்கு எந்த மொழியிலும் வேறு அர்த்தம் இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் புக்கா என்று சொல்லச் சொல். திற என்று அர்த்தம். மருமகளுக்கு முதலில் அந்தச் சொல்லைப் பழக்கு.

தையில் வருகிறேன் என்றாய். வா. கெப்பாலா பத்தாஸுக்கு உன்னோடு வருவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வந்தால் என் சட்டி, மூடி, கரண்டி எல்லாம் கட்டிக்கொண்டு வர வேண்டும், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசையும் இருக்கிறது. ஆனால் சந்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி நம் வீட்டுக்கு வராதே. இடப்பக்கம் ஆ லெங் கடைக்குப் போ. அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை என்று உன் வாயால் அவனிடம் சொல். மலாயில் சொல், உன் மலாய் நல்ல மலாய், அவனுக்கு வேறு எதுவாகவும் கேட்காது. நான் சொன்ன பொய் உன்னுடையது. நீ வந்து எடுக்கும் வரை வைத்திருக்கிறேன்.

இப்போது மதியங்களில் அவன் கடையில்தான் தேநீர் குடிக்கிறேன். துடுப்பு அங்கேதான் இருக்கிறது, சீனர் வருஷப் பிறப்பு நெருங்குகிறது, அவன் மனைவிக்கு அதில் வேலை வரப்போகிறது. பேசுகிறோம், சிரிக்கிறோம், மோரைப் பற்றிக்கூட அவன் பேசினான். ஆனால் பேச்சு நிற்கும் சில நேரங்களில் அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பான். மகன் வந்து சொல்லியும் இத்தனை வருஷம் சந்தைத் தாண்டாத மனிதனைப் பார்ப்பான். நான் குனிந்து தேநீரைக் குடிப்பேன். சீக்கிரம் வா.

அப்பா